வேதத்தை அகத்தின் கதையாக வாசிக்கலாமா?

வேதத்தில், அதாவது பைபிளில், வரும் நிகழ்வுகளை உள்ளத்தில் நடப்பவற்றின் உருவகமாக வாசிக்கலாமா, தன்னைத் தானே ஆசீர்வதிப்பது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசிக்கலாம், அது மிகப் பழைய மரபு. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபைலோ, கடவுளின் அழைப்பை ஏற்று ஆபிரகாம் விட்டுப் புறப்பட்ட தேசத்தை உடலாகவும், இனத்தாரைப் புலன்களாகவும், தகப்பன் வீட்டைப் பேச்சாகவும் விளக்கினார்.

ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தை அவ்வாறு வாசித்துப் பாருங்கள். பார்வை மங்கிய ஈசாக்கு, மூத்த மகன் ஏசாவைப் போல நடித்து வெள்ளாட்டுத் தோல் போர்த்தி வந்த இளைய மகன் யாக்கோபின் கைகளைத் தடவி, ஆடையின் வாசனையை முகர்ந்து ஆசீர்வதிக்கிறார். வெளிக்கண்ணை மூடி, தான் அடைய விரும்பும் நிலையைத் தொட்டுணரும் அளவுக்கு மெய்யாக்கி அதற்கு இசைவு தரும் உணர்வாகவே அகவழி வாசகர்கள் அவரைக் காண்கின்றனர். அங்கே வாழ்த்துபவரும் வாழ்த்தப்படுபவரும் ஒருவரே. எனினும், ஏமாற்றப்பட்டு அந்த ஆசீர்வாதத்தை இழந்த ஏசாவின் கதறலை இந்த வாசிப்பு மறைத்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தன்னை ஆசீர்வதிப்பது பற்றி வேதமே பேசுகிறது. ஏசாயா 65:16, சத்திய தேவனுக்குள் தன்னை ஆசீர்வதிப்பவனைக் குறிப்பிடுகிறது; உபாகமம் 29:19, மனம்போல நடந்தும் தனக்கு நலமே உண்டாகும் என்று உள்ளத்தைத் தேற்றிக்கொள்பவனை எச்சரிக்கிறது. தமிழில் சொற்கள் வேறுபட்டாலும், எபிரெய மூலத்தில் இரண்டு இடங்களிலும் வருவது ஒரே வினைச்சொல்தான்.