கஷ்டப்பட்டு எழுதுகிறேன், யாரும் படிப்பதில்லை

கேள்வி: பிள்ளைகள் தூங்கிய பிறகு, நூலகப் புத்தகங்களை வைத்துக்கொண்டு சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு பற்றி இணையத்தில் எழுதி வருகிறேன். நாற்பது பேர் படித்தால் அதிகம். என் அலுவலகத் தோழி எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே தட்டிய பத்து வரியை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். இணையத்தில் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? ஒரு கட்டுரையை இணைத்திருக்கிறேன்.
- ஈசூன் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் தோழியை விட்டுவிடுங்கள். அடுத்த பத்து வரிக்கும் அதே கூட்டம் வருமா என்று அவரிடமே கேட்டுப்பாருங்கள், அவருக்கும் தெரியாது.

2006இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் ஒரு சோதனை வெளிவந்தது. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டோருக்கு இணையத்தில் கேட்கக் கொடுத்தார்கள். பலரை எட்டுத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதையும் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொன்றில் 40ஆம் இடத்தில் கிடந்தது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானது உச்சிக்கு ஏறுவதும் அரிதாகவே நடந்தன. இடைப்பட்டவற்றின் கதியை, முதலில் வந்த சிலரின் விருப்பமே பெரும்பாலும் தீர்மானித்தது. உங்கள் உழைப்பு கட்டுரையை மோசமாகாமல் காக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அந்த நாற்பதையும் அற்பமாக நினைக்காதீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கு ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். அதிலும் வரலாறு படிப்பவர் எத்தனை பேர்?

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். 1938இல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த நம்மவர்களைப் பற்றி அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தலைப்பு ‘மறைந்துபோன பொற்காலம்’! இதை யார் தேடப்போகிறார்கள்? முன்பு கான்பரா ரோட்டில் இருந்து, இப்போது உங்கள் ஈசூனிலேயே இருக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தின் கதை பதினோராவது பத்தியில் ஒளிந்திருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடியோடும் பால்குடத்தோடும் வருகிறவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கோயில் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புவார்கள். அவர்கள் கைப்பேசியில் தேடுவது கோயிலின் பெயரை, பொற்காலத்தை அல்ல.

அந்தப் பத்தியைத் தனிக் கட்டுரையாக்குங்கள். தலைப்பில் கோயிலின் பெயர் இருக்கட்டும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவோர் நம்மிடையே ஏராளம். அந்த வடிவத்தையும் ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள், தமிழ் ஒன்றும் கெட்டுவிடாது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னதாக வெளியிடுங்கள். வெளியிட்ட அன்றே, அந்தக் கோயிலுக்குப் போகும் ஏழெட்டுப் பேருக்கு வாட்ஸ்அப்பில் நீங்களே அனுப்புங்கள். தன் எழுத்தைத் தானே அனுப்புவதா என்று கூச்சப்பட வேண்டாம். முதலில் படிக்கும் அந்தச் சிலரை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இதற்குத் தினமும் கண்விழிக்கத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு இரவு போதும், மற்ற நாள்களில் தூங்குங்கள்.