முறுக்குக் கிளைகளுக்கு நடுவே நேராக வளரும் குச்சிகள்: வெட்டலாமா, விடலாமா?

கேள்வி: லண்டன் புறநகரில் வசிக்கிறோம். சில வருடங்களுக்கு முன் நர்சரியில் கார்க்ஸ்க்ரூ ஹேசல் (ஹேசல்நட் கொட்டை தரும் செடியின் முறுக்குக் கிளை வகை) வாங்கி நட்டோம். கிளைகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு அழகாக இருந்தன. இப்போது அடியிலிருந்து நேரான குச்சிகள் கிளம்பி ஆளுயரத்துக்கு வந்துவிட்டன. முறுக்குக் கிளைகள் வளரவே இல்லை. வெட்டினால் இன்னும் அதிகமாக வருகின்றன. கோடையில் இலைகளும் சுருங்கிக் கிடக்கின்றன. செடிக்கு நோயா?

பதில்: நோய் இல்லை. அந்தக் குழியில் இருப்பது இரண்டு செடிகள். அவற்றில் நீங்கள் ஆசைப்பட்டு வாங்காத செடி இப்போது ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

முறுக்குக் கிளை ஹேசல் 1860களில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஒரு வேலியோரம் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டது. கிளைகளை முறுக்க வைப்பது ஓர் ஒடுங்கு மரபணு, அதாவது தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் மரபணு. அதனால் இதன் கொட்டையை விதைத்தால் பெரும்பாலும் நேராக வளரும் சாதாரண ஹேசல்தான் முளைக்கும். முறுக்கு வேண்டுமென்றால் ஒட்டுக்கட்டலோ பதியமோதான் வழி. நர்சரிகளில் வழக்கமாகச் சாதாரண ஹேசல் வேர்ச்செடியின் (வேரும் அடித்தண்டும் தரும் செடி) மேல்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். அந்த வேர்ச்செடி சும்மா இருக்காது. அடியிலிருந்து புதிது புதிதாகக் குச்சி விடுவது ஹேசலின் பிறவிக்குணம். ஊரில் ஒட்டு ரோஜா வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும்: ஒட்டுக்குக் கீழே கிளம்பும் காட்டுக்கிளையைக் கவனிக்காமல் விட்டால், வாங்கிய ரோஜா மெல்லக் காணாமல் போய்விடும். இங்கே நடப்பதும் அதேதான்.

முதலில் எது எதுவென்று பிரித்துப் பாருங்கள். இலை இருக்கும்போது இது சுலபம். வேர்ச்செடியின் இலை தட்டையாக, அகலமாக விரிந்திருக்கும். முறுக்குச் செடியின் இலையோ கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி இருக்கும். நீங்கள் நோய் என்று பயந்தது இதைத்தான். மிளகாய்ச் செடியில் வரும் இலைச்சுருட்டை நோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். இலை ஓரம் கருகினால் மட்டும் மண் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இலை உதிர்ந்த பிறகு ஒவ்வொரு நேர்க்குச்சியையும் விரலால் தடவிக்கொண்டே அடிவரை போங்கள். தரைக்குச் சற்று மேலேயோ மண்ணை ஒட்டியோ தண்டில் ஒரு புடைப்பு தட்டுப்படும். அதுதான் ஒட்டு. அதற்குக் கீழே பிறக்கும் எல்லாம் வேர்ச்செடியின் சொத்து, எடுத்துவிட வேண்டியதுதான்.

வெட்ட வெட்ட அதிகமாக வருவதற்குக் காரணம், வெட்டிய விதம். தரைமட்டத்தில் கத்தரித்தால் மண்ணுக்குள் மிச்சமிருக்கும் அடிக்கட்டையிலுள்ள மொட்டுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். மண்ணைச் சிறு மண்வெட்டியால் விலக்கி, குச்சி வேரில் ஒட்டியிருக்கும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். பென்சில் கனத்துக்குள் இருந்தால் கத்தரிக்கோல் வேண்டாம். அடியில் பிடித்துக் கீழ்நோக்கி வெடுக்கென்று பிய்த்து எடுங்கள். அடி மொட்டுகளும் கூடவே வந்துவிடும். இந்த இளங்குச்சிகளை எந்த மாதத்தில் பார்த்தாலும் பிய்க்கலாம். கட்டை விரலை விடத் தடித்துவிட்டவற்றை பிப்ரவரி, மார்ச்சில், மொட்டு விரியும் முன், சிறு ரம்பத்தால் வேரோடு ஒட்ட அறுத்துவிட்டு மண்ணை மூடுங்கள். நிறைய இருந்தால் இரண்டு குளிர்காலங்களாகப் பிரித்துச் செய்யுங்கள். களைக்கொல்லி மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு செடிக்கும் வேர் ஒன்றுதான். குச்சியில் அடித்த கிளைபோசேட் முறுக்குச் செடியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

முறுக்குக் கிளைகளுக்குக் கவாத்து அதிகம் தேவையில்லை. காய்ந்ததை, ஒன்றோடொன்று உரசுவதை குளிர்காலக் கடைசியில் அடியோடு எடுத்தால் போதும். நுனிகளை மட்டும் கத்தரித்து உருண்டையாக்கினால் கிளைகள் நெருங்கிச் சிக்கி, அந்த வளைவுகளே கண்ணுக்குத் தெரியாது. மார்ச்சில் வேரைச் சுற்றி மக்கிய உரத்தை மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல். தழைச்சத்து உரத்தைக் கொட்டினால் இலைதான் பெருகும். வடிகால் உள்ள மண், பாதி நாளாவது வெயில், இவ்வளவு இருந்தால் மெதுவாக இரண்டரை, மூன்று மீட்டர் வரை வளரும். அவசரப்படுகிற செடி இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். குளிர்காலத்தில் வெற்றுக் கிளைகளில் மஞ்சள் பூஞ்சரங்கள் தொங்கும். அவை ஆண் பூக்கள். மொட்டு நுனியில் சிவப்பு நூல் மாதிரி தெரிவது பெண் பூ. குனிந்து தேடினால்தான் கிடைக்கும். தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, பக்கத்தில் வேறு ஹேசல் வேண்டும். காய்க்காவிட்டால் கவலைப்படாதீர்கள். இந்தச் செடியை வளர்ப்பது கிளைக்காகத்தான்.

இந்தத் தொல்லையே இல்லாத இன்னொரு செடி வேண்டுமானால் பதியம் போடலாம். ஒட்டுக்கு மேலே, தரையருகே இருக்கும் ஓர் இளங்கிளையை இலையுதிர் காலத்தில் வளைத்து, அடிப்பக்கம் லேசாகக் கீறி, கம்பியால் மண்ணோடு அழுத்தி மூடுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். முறுக்குக் கிளை என்பதால் ஒரு கம்பி போதாது, இரண்டு மூன்று இடத்தில் பிடிக்க வேண்டியிருக்கும். குறைந்தது ஒரு வருடம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, வேர் பிடித்த பிறகே தாய்ச்செடியிலிருந்து வெட்டுங்கள். அதில் பிறகு அடியிலிருந்து வரும் குச்சியும் முறுக்கித்தான் வரும். கடையில் வாங்குவதானால், சொந்த வேரில் வளர்ந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் துருக்கி ஹேசல் மேல் ஒட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். அந்த வேர்ச்செடி அடிக்குச்சி விடுவது அபூர்வம்.