ஒன்பதாம் கட்டத்தைப் பற்றி யார் பேசுவது?

'அரசுப் பணியின் எதிர்காலம் பற்றி எங்கள் துறை ஊழியர்களிடம் ஒரு கலந்துரையாடல் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் மனம் விட்டுப் பேச என்ன செய்யலாம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாக அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன். போன கூட்டத்தில் அவர்கள் சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று என்று முதலில் சொல்லுங்கள். பேச வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் கவுண்ட்டரில் ஒரு விண்ணப்பப் படிவம் உண்டு. அதில் 9-ஆம் கட்டம் பழைய கோப்பு எண்ணைக் கேட்கும். முதல் முறை விண்ணப்பிக்க வருகிறவருக்குப் பழைய எண் எங்கிருந்து வரும்? ஆளாளுக்கு எதையாவது எழுதி வைப்பார்கள், கைபேசி எண்ணைக்கூட. கவுண்ட்டரில் இருந்த மூத்த பெண் ஊழியர் பார்த்தார். ஓர் அட்டையில் '9-ல் எதுவும் எழுத வேண்டாம்' என்று மார்க்கரால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். பிரச்சினை தீர்ந்தது, எங்கள் அளவில்.

அப்புறம் 'எதிர்கால அலுவலகம்' என்று ஒரு கூட்டம் போட்டார்கள். திரையில் படம் காட்டி, படிவங்களெல்லாம் இணையத்துக்குப் போகப்போகின்றன என்றார்கள். 'ஏதாவது கருத்து இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்' என்றார் மேலதிகாரி. எல்லாரும் அவரவர் நோட்டைக் குனிந்து பார்த்தோம். ஒருவர் மட்டும் எழுந்து 'நல்ல திட்டம் சார்' என்று சொல்லி உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் அரை மணி நேரம் ஓயாத பேச்சு. உண்மையான கலந்துரையாடல் அங்கேதான் நடந்தது. குறிப்பெடுக்கத்தான் ஆள் இல்லை.

இணையப் படிவம் வந்தபோது 9-ஆம் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தார்கள், கட்டாயம் நிரப்ப வேண்டுமாம். கேட்கிறவர்களிடமெல்லாம் 'பூஜ்யம் போட்டுவிடுங்கள்' என்று சொல்ல ஆரம்பித்தார் அந்த அம்மா. கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். 'மூன்று வருடத்துக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்தேன். முடியும், முடியாது என்று ஒரு வரிகூட வரவில்லை. மறுபடி எதற்கு?' என்றார். அதுவரை ஊழியர்கள் வாய் திறக்காததற்குப் பயம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் அலுப்புதான்.

இது சின்ன அலுவலகச் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். கனடா அரசு 2013-இல் 'ப்ளூபிரிண்ட் 2020' என்ற பெயரில் தன் ஊழியர்களோடு பெரிய அளவில் ஓர் உரையாடலைத் தொடங்கியது. அரசுப் பணி நாளைக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் பொருள். அதே அரசு 2016-இல் 'ஃபீனிக்ஸ்' என்ற சம்பள மென்பொருளைக் கொண்டுவந்தது. சிலருக்குக் குறைவாக, சிலருக்குக் கூடுதலாக, சிலருக்குச் சம்பளமே வராமல் போனது. 2017 ஜூனில் 1,50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் சம்பளக் கோரிக்கைகள் தீராமல் கிடந்தன. முன்னெச்சரிக்கைகள் வந்திருந்தும் பொறுப்பில் இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று தலைமைத் தணிக்கையாளர் 2018-இல் அறிக்கை கொடுத்தார். தொலைநோக்கைப் பற்றிப் பேச இடம் இருந்தது. 'இந்த மென்பொருள் தயாராகவில்லை' என்ற கெட்ட செய்திதான் அவர்களைத் தாண்டி மேலே போய்ச் சேரவில்லை.

இத்தனைக்கும் அரசு வேலைக்குப் பாதுகாப்பு கொடுத்ததே, கெட்ட செய்தியையும் பயமில்லாமல் மேலே சொல்வதற்காகவும்தான். சிபாரிசை விட்டுத் தேர்வு வைத்து ஆள் எடுக்க வேண்டும் என்று பிரிட்டனில் நார்த்கோட்-டிரெவெல்யன் அறிக்கை சொன்னது 1854-இல். நியூசிலாந்தின் 2020 சட்டம், அமைச்சர்களுக்கு ஒளிவுமறைவின்றி ஆலோசனை சொல்வதை அரசுப் பணியின் கொள்கைகளில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. சட்டத்தில் எழுதினால் போதுமா என்பது வேறு விஷயம்.

சரி, உங்கள் கூட்டத்துக்கு வருவோம். '2040-இல் அரசு எப்படி இருக்கும்?' என்று கேட்காதீர்கள், கட்டுரைப் போட்டி மாதிரி ஆகிவிடும். 'உங்கள் வேலையில் எதை இயந்திரம் செய்தால் நிம்மதி, எதைச் செய்தால் பயம்?' என்று கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு வந்தால் தன் நாற்காலி என்னாகும் என்ற கவலை எல்லாருக்கும் இருக்கிறது, பேசுவார்கள். உயரதிகாரி கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் ஆமாம் போடுவதோடு சரி. பெயர் போடாத கருத்துப் பெட்டியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. புகார் வரும், 'இன்னும் கொஞ்சம் விளக்குங்கள்' என்று திருப்பிக் கேட்கத்தான் வழி இருக்காது. ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு யோசனைக்கும் பதில் கொடுங்கள். 'முடியாது, காரணம் இது' என்பதும் பதில்தான்.

9-ஆம் கட்டம் என்ன ஆயிற்று? புதிதாக வந்த அதிகாரி ஒரு நாள் காலை முழுக்கக் கவுண்ட்டரில் அந்த அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். 'ஏன் எல்லாருக்கும் பூஜ்யம் போடச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே, '9-ஐ எடுத்தாயிற்று, 14-ஐ எடுக்க முடியாது, அது விதியில் இருக்கிறது' என்றார். அந்த அம்மா எழுந்து, 'அப்படியானால் 11-ஐப் பற்றிச் சொல்கிறேன் சார்' என்று தொடங்கியவர், பத்து நிமிடம் உட்காரவே இல்லை.