மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். பாளையங்கோட்டை மருத்துவர் இமாட்டினிப் மாத்திரை மட்டுமே தருகிறார். கீமோ இல்லாமல் இது போதுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நோய் முற்றாத கட்டத்தில் பெரும்பாலும் போதும். 9, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்னும் புரதம், பெருகச் சொல்லும் சமிக்ஞையைச் செல்லுக்குள் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப், அப்புரதத்தில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு அமர வேண்டிய குழியில் தான் அமர்ந்து அந்தச் சமிக்ஞையை அடக்குகிறது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். உணவோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானதும் (பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்) மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிசிஆர்-ஏபிஎல் அளவைப் பரிசோதிப்பது அவசியம். புரதம் உருமாறி மருந்துக்கு மசியாமல் போனால், டசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன.