மேட்டூர் கணக்கும் கடைமடை வெள்ளமும்

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஏழு ஏக்கரில் சம்பா சாகுபடி செய்கிறோம். ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டபோது பயந்துகொண்டிருந்தோம்; எங்கள் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. நவம்பரில் அணைத் திறப்பைக் குறைத்த பிறகு, ஒரே இரவு மழையில் வயல் ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது. எந்தக் கணக்கைப் பார்த்து முன்கூட்டியே தயாராவது?

பதில்: தங்கள் வயலுக்கு வரும் வெள்ளத்தை மேட்டூர் கணக்கைக் கொண்டு அறிய முடியாது. காவிரிக்கு இரண்டு வகை வெள்ளம் உண்டு. தாங்கள் ஆகஸ்டில் கேள்விப்பட்டது ஒன்று, நவம்பரில் அனுபவித்தது மற்றொன்று.

முதலாவது தென்மேற்குப் பருவத்தில் மேற்கே பிறப்பது. வங்கக்கடலின் வடபகுதியில், ஒடிசா கரையோரமாகத் தாழ்வுப் பகுதி உருவாகும்போது, அரபிக்கடலிலிருந்து வரும் மேலைக்காற்று வலுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து, குடகிலும் வயநாட்டிலும் நாட்கணக்கில் மழையாகக் கொட்டுகிறது. கர்நாடக அணைகளான கிருஷ்ணராஜசாகரும் கபினியும் முன்பே நிறைந்திருந்தால் அந்த நீர் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக மேட்டூருக்கு வரும். மேட்டூரும் 120 அடியில் நின்றால் வந்தது வந்தபடி வெளியேறும். நொடிக்கு லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் 8.64 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); அணையின் மொத்தக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். நிறைந்த அணை வெள்ளத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. 1924 ஜூலைப் பெருவெள்ளமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆனால் இந்த நீரில் பெரும்பகுதி, திருச்சிக்கு அருகே காவிரி பிரியும் முக்கொம்பிலேயே, அதன் வெள்ள வடிகாலான கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுகிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றிலும் பாசனத்துக்கு வேண்டிய அளவே விடுகிறார்கள். ஆகவே பாதிப்பு கொள்ளிடக் கரைக்கு. நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்க்காரர்கள் மேட்டூர் எண்ணைக் கவனிப்பது முற்றிலும் சரி. மேட்டூர் நீர் கல்லணையை எட்டவே இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் அவர்களுக்கு அவகாசமும் உண்டு. (அவர்களும் முக்கொம்பு அளவைப் பார்ப்பதே நல்லது; ஏனெனில் பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை மேட்டூருக்குக் கீழேதான் சேர்கின்றன.)

தங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. வடகிழக்குப் பருவத்தில் தென்மேற்கு வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவாகி, ஈரம் நிறைந்த கீழைக்காற்று டெல்டாக் கரையில் குவியும்போது, மழை டெல்டாவின் தலைமீதே விழுகிறது. கரையோரத்தில் இது பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வலுக்கும். இதில் காற்றின் வேகத்தைவிட, அந்த அமைப்பு எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதே முக்கியம். 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரை கடந்த நிஷா புயலின்போது, கடற்கரையில் இல்லாத ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. பதிவாயிற்று. 2022 நவம்பரில் சீர்காழியில் 44 செ.மீ. பெய்தபோது புயலே இல்லை. தாழ்வுப் பகுதி மட்டுமே. ‘புயல் இல்லை’ என்ற செய்தியைக் கேட்டு நிம்மதி அடைவது நம் பகுதியில் ஆபத்தான பழக்கம்.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். சீர்காழியில் அன்று ஏக்கருக்கு விழுந்தது ஏறத்தாழ 18 லட்சம் லிட்டர். இவ்வளவும் கடல்மட்டத்தைவிடச் சில மீட்டரே உயர்ந்த சமவெளியில், முள்ளியாறு, அடப்பாறு, வளவனாறு போன்றவற்றின் வழியாக, ஏறக்குறைய சரிவே இல்லாமல் வெளியேற வேண்டும். நம் கரையில் ஓத ஏற்றம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்கும் அளவு) ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கீழைக்காற்றும் சேர்ந்து கடலை உயர்த்தினால், முகத்துவாரத்தில் கடல் ஆற்றுநீரை ஏற்காமல் எதிர்த்து நிற்கும். அப்போது அணையை மூடுவதால் புதிய நீர் வருவது நிற்குமே தவிர, விழுந்த நீர் வடிவதில்லை. தங்கள் வயல் ஐந்து நாள் மூழ்கிக் கிடந்ததற்கு விளக்கம் பெரும்பாலும் இதுதான். வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டியிருந்தால் அந்த நாட்கள் இன்னும் கூடும்.

ஆகவே அக்டோபர் பாதியிலிருந்து தாங்கள் கவனிக்க வேண்டியது முதலில் முந்தைய மூன்று நாள் மழை. ஊறிய மண்ணில் விழும் 10 செ.மீ., காய்ந்த மண்ணில் விழும் 10 செ.மீ.யைப் போன்றதன்று. தாலுகா மழைமானிக் கணக்கு பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் பொருந்தாமல் போகும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அடிக்கோலால் அளந்து, கொட்டிவிட்டு மீண்டும் வையுங்கள். வானிலை ஆய்வு மையமும் அதே நேரத்தில்தான் கணக்கெடுக்கிறது.

அடுத்து, மையத்தின் அறிக்கையில் தாழ்வுப் பகுதி ‘நிலைகொண்டுள்ளது’ என்றோ மெதுவாக நகர்கிறது என்றோ வந்தால் அதைச் சிவப்பு எச்சரிக்கைக்கு இணையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதி கனமழை என்பது 20 செ.மீ.க்கு மேல் என்று மட்டுமே பொருள்படும். அதற்கு மேல்வரம்பு கிடையாது. அந்த நாள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருகிறதா என்று நாட்காட்டியையும் பாருங்கள்.

மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வயலில் நிறுத்திய நீரை முன்னிரவிலேயே வடித்துவிடுங்கள். உரம் இடுவதைத் தள்ளிப்போடுங்கள். பாசனப் பிரிவு அலுவலகத்தை அழைக்கும்போது மேட்டூர் நிலவரத்தைக் கேட்காமல், தங்கள் வடிகாலின் கடைசி ரெகுலேட்டரில் (நீரைக் கட்டுப்படுத்தும் மதகில்) ஷட்டர்கள் ஏற்றப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். அடுத்த சம்பாவுக்கு, தங்கள் தாழ்வான வயல்களில் மட்டுமாவது சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகத்தைப் போடலாம். இளம்பயிர் முழுவதும் மூழ்கினாலும் அது ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும்.