மினரல் போட்டா மீனுக்கு வைரஸ் வராதா?

தேவகோட்டை பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 30 சென்ட் குட்டையில கிஃப்ட்ங்கிற ரகத் திலேப்பியா மீனை நெருக்கமா விட்டிருக்காராம், தவிடும் கடலைப்புண்ணாக்கும்தான் தீனி, சில மீனுக்கு கண்ணுல வெள்ளை பூத்திருக்கு, கடைக்காரரு வைரஸ்ங்கிறாரு, மாட்டுக்கு வாங்குன தாது உப்பைத் தண்ணில தூவிரவா அண்ணேங்கிறாரு.

தூவாதீங்க தம்பி, காசு கரைஞ்சு சேத்துலதான் போய்ப் படியும். எத்தனை மீன் செத்துச்சுன்னு நீங்க எழுதவே இல்ல, முதல்ல அதைத்தான் பாக்கணும். துத்தநாகம் பத்தலைன்னாலும் மீனுக்கு கண்புரை வரும், துடுப்பு ஓரம் அரிக்கும், வளர்ச்சி மந்தமாகும், ஆனா சாவு கொத்தாப் போகாது. திலேப்பியா லேக் வைரஸ்னு ஒண்ணு இருக்கு, 2014-ல இஸ்ரேல்ல அடையாளம் கண்டது, அதுலயும் கண்ணு மங்கும், ஆனா தோலும் புண்ணாகி கொஞ்ச நாள்லயே மொத்தமொத்தமா மிதக்கும். அதுக்கு மருந்து கிடையாது, தாது உப்பும் மருந்து இல்ல.

அப்ப எதுக்குத்தான் மினரல்? வைரஸ் ஒரு செல்லுக்குள்ள புகுந்துட்டா அந்த செல்லு இன்டர்ஃபெரான்ங்கிற எச்சரிக்கைப் புரதத்தை விட்டு பக்கத்து செல்லுக்கெல்லாம் தண்டோரா போடும், அதைக் கேட்டு கிளம்புற புரதங்கள்ல சிலதுக்கு துத்தநாகம் இல்லைன்னா உருவமே நிக்காது. செலினியம் வேற வேலை பாக்குது, சண்டையில கிளம்புற பெராக்சைடு மீனோட சொந்த செல்லையே பொசுக்காம அணைக்குற என்சைம்ல அது இருக்கு. எலியில ஒண்ணு பாத்திருக்காங்க, செலினியம் கொறைஞ்ச உடம்புக்குள்ள சாதுவா இருந்த காக்ஸாக்கி வைரஸ் உருமாறி இதயத்தைக் கெடுக்குற அளவுக்குப் போயிருச்சு.

சாவு கொத்தா இல்லைன்னா உங்க சிக்கல் தவிட்டுலதான் இருக்கும். அதுல இருக்க ஃபைட்டிக் அமிலம் துத்தநாகத்தை கெட்டியாப் புடிச்சுக்கும், மாட்டுத் தாது உப்புல சுண்ணாம்புச்சத்து ஜாஸ்தி, அது சேந்தா புடி இன்னும் இறுகும். தவிட்டை வெல்லம், ஈஸ்ட் போட்டு ஒரு நாள் புளிக்க வைங்க, மீனுக்குன்னே விக்கிற மினரல் மிக்சரைக் கஞ்சியில குழைச்சு, பாக்கெட்ல போட்ட அளவுக்கு மேல போகாம, தீனியோட உருட்டிப் போடுங்க. கிலோ தீனிக்கு துத்தநாகம் 30 மில்லிகிராம் வாக்குல போதும், செலினியம் அரை மில்லிகிராம்கூட வேணாம், ஏறுனா அதுவே விஷம். கண்மாய்ல நெருக்கமில்லாம மீன் விட்டவங்களுக்கு இது எதுவும் தேவையில்ல, பாசியும் புழுவுமே பாத்துக்கும்.

மயில்துத்தம்ங்கிற தாமிர உப்பை மட்டும் யாரு சொன்னாலும் தண்ணில கொட்டிராதீங்க, மீனுக்கு தாமிரம் வேணும்தான், அது தீனியில துளியூண்டு. சாவு கூடுச்சுன்னா, அழுகுனதை விட்டுட்டு சாகப்போற மீனா நாலைஞ்சை ஐஸ்ல வச்சு மீன்வளத்துறை ஆபீஸ்ல குடுங்க, முடிவு தெரியுற வரைக்கும் குட்டைத் தண்ணிய ஊருணிப் பக்கம் திறந்து விட்ராதீங்க.