ஊத்தங்கரையிலிருந்து ஒரு கேள்வி: கடலூரில் கடலோரம் மனை வாங்கலாமா?

கேள்வி: எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை. மகளைக் கடலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஐந்து சென்ட் மனை விலைக்கு வருகிறது. வாங்கி வீடு கட்டலாம் என்கிறார் மருமகன். மாந்தோப்பில் ஒரு பகுதியை விற்றுத்தான் நாங்கள் பணம் தர வேண்டும். கடல் மட்டம் ஏறுகிறது, கரையோர ஊர்கள் மூழ்கப்போகின்றன என்று செல்போனில் வரைபடமெல்லாம் வருகிறது. துணிந்து வாங்கலாமா?

பதில்: கடலூரில் வாங்கலாம். அந்த மனையை, தோப்பை விற்று, வாங்க வேண்டாம். வரைபடத்தில் ஊர் முழுக்க நீல நிறமாகத் தெரிவது அதற்குக் காரணம் இல்லை. காரணம் ஆற்று முகத்துவாரம்.

முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியில் கடல் ஏறியது சுமார் 20 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். ஆனால் வேகம் கூடிக்கொண்டே வருகிறது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்தது, 2006க்குப் பிறகு 3.7 ஆகிவிட்டது. நம் பக்கத்து வட இந்தியப் பெருங்கடலிலும் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. சூடேறிய கடல்நீர் விரிவது பாதிக் காரணம். மீதியில் பெரும்பங்கு பனியாறுகளும் துருவப் பனியும் உருகுவது. 2050 வாக்கில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட இன்னொரு சாண் கூடியிருக்கும். 2100க்குள் எவ்வளவு என்பது உலகம் விடும் புகையைப் பொறுத்தது. குறைத்துக்கொண்டால் 28 முதல் 55 சென்டிமீட்டர், இப்படியே தாராளமாக விட்டால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021இல் சொன்ன கணக்கு.

ஒரு சாண் தண்ணீர் ஏறினால் வீடு மூழ்குமா? மூழ்காது. கடல் முன்வாசல் வழியாக வருவதில்லை, கொல்லைப்புறமாகத்தான் வரும். ஆறு, வாய்க்கால், கிணறு என்று மூன்று வழி அதற்கு உண்டு.

ஆற்றை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உங்கள் ஊர் மேல் நின்று ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாலையோரம் நின்ற வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டதை நேரிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் பாம்பாற்றில் இறங்கி, தென்பெண்ணையில் கலந்து, சாத்தனூர் அணைக்குப் போனது. அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட வேண்டியதாயிற்று. கடைசியில் அது போய் நின்ற இடம் கடலூர். உங்கள் மருமகன் பார்த்திருக்கும் மனை அந்தப் பாதையின் வாயிலேயே இருக்கிறது.

வெள்ளம் கடலில் வடிய வேண்டுமானால் ஆற்றின் மட்டத்துக்கும் கடலின் மட்டத்துக்கும் வித்தியாசம் வேண்டும். கடைசிச் சில கிலோமீட்டரில் தென்பெண்ணைக்குச் சரிவு மிகக் குறைவு. அங்கே கடல் ஒரு சாண் உயர்ந்தால் வடிகிற வேகம் குறையும், வெள்ளம் கூடுதல் நேரம் நிற்கும். போதாததற்கு, வங்கக் கடலோரத்தில் ஆண்டின் உயரமான கடல் மட்டம் வருவதே வடகிழக்குப் பருவமழையின் போதுதான். மேலேயிருந்து வெள்ளம் வரும் நாளும் கீழே கடல் ஏறி நிற்கும் நாளும் ஒன்றாகிவிடும். தெரு வடிகாலுக்கும் இதே கதிதான். ஓதம் (கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது) ஏறும் நேரத்தில் வடிகாலில் தண்ணீர் பின்னோக்கி வருவதைக் கரையோரத் தெருக்களில் பார்க்கலாம். மனைக்குப் போகும்போது அந்தத் தெருவின் வடிகால் எங்கே போய் முடிகிறது என்று நடந்து பாருங்கள். புரோக்கர் இதைக் காட்ட மாட்டார்.

அடுத்தது மனையின் உயரம். சாமல்பட்டியில் ரயில் ஏறும்போது ஊர்ப் பெயர்ப் பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தருமபுரி, ஓசூர்க்காரர்களுக்கு அது ஒரு பலகை, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் இருப்பவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. கடலூரில் அந்த எண்ணில் ஒரு மீட்டர் கூடக்குறைய இருந்தால் வாழ்க்கையே மாறும். ஆனால் செல்போன் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். செயற்கைக்கோள் வரைபடங்களில் இரண்டு மூன்று மீட்டர் பிழை சாதாரணம்; மரத்தின் உச்சியையும் மொட்டை மாடியையும் தரை என்று எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வந்த மூழ்கும் வரைபடங்களில் பலவும் இப்படிப்பட்ட உயரக் கணக்கில் போட்டவைதான். தனியார் சர்வேயர் ஒருவரை ஆட்டோ லெவல் கருவியோடு கூட்டிப்போய், இந்திய நில அளவைத் துறையின் உயரக் குறியிலிருந்து மட்டம் எடுக்கச் சொல்லுங்கள். தோப்பு விற்ற பணத்தில் அந்தச் செலவு தூசு.

மண் கொட்டி உயர்த்தாத இயற்கைத் தரை 2 மீட்டருக்குக் கீழே இருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். 4 மீட்டருக்கு மேல் இருந்தால் கடல் மட்டத்தைப் பற்றி உங்கள் பேரன் காலத்துக்குக் கவலை இல்லை. நடுவில் இருந்தால் மற்ற விஷயங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இது சட்டம் இல்லை, என் அளவுகோல். கூடவே அக்கம்பக்கத்து வீடுகளில் 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 வெள்ளம் மூன்றிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கறை இருக்கும். ஒரு வீட்டில் கேட்காதீர்கள், நான்கைந்து வீட்டில் கேளுங்கள்; மனை விற்பவரின் உறவினர் வீடாக அது இருந்துவிடப் போகிறது.

கிணற்று விஷயத்தில் உங்கள் மாவட்டத்து அனுபவம் உதவும், ஏமாற்றவும் செய்யும். கிருஷ்ணகிரி, தருமபுரியில் ஃபுளோரைடுக்குப் பயந்து தண்ணீரைச் சோதிக்கும் பழக்கம் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். கடலோரத்தில் பார்க்க வேண்டியது குளோரைடு, அதாவது உப்பு. லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். சித்திரை, வைகாசியில் எடுத்த தண்ணீரைச் சோதியுங்கள். மழைக்காலத்தில் எடுத்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.

ஏமாற்றும் பழக்கம் எதுவென்றால், தண்ணீர் இல்லையா, இன்னும் ஆழமாகப் போர் போடு என்பது. உங்கள் ஊர்ப் பாறையில் அது சரி. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு உப்பை அது அழுத்தி வைத்திருக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு அந்த 40 மீட்டரும் ஏறப் பார்க்கும். கடல் ஏறுவது இந்தக் கணக்கை மெதுவாகக் கெடுக்கிறது. மோட்டார் வேகமாகக் கெடுக்கிறது. இதுவரை உப்பாகிப்போன கரையோரக் கிணறுகளில் கடல் ஏறியதைவிட இறைத்ததுதான் பெரிய குற்றவாளி என்பேன். கடலூரில் ஒரு விதிவிலக்கு உண்டு. நெய்வேலிப் பக்கத்திலிருந்து பரவி வரும் மணற்கல் அடுக்கில், ஆழத்தில், தனியாக நல்ல நீர் இருக்கிறது. எந்த அடுக்கில் போர் இறங்கியிருக்கிறது என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கரை அரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால். 1990 முதல் 2018 வரையிலான ஆய்வில் தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. இதற்கெல்லாம் கடல் மட்டத்தைக் குறை சொல்ல முடியாது. நம் கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் துறைமுகச் சுவரோ, கடலுக்குள் கல் கொட்டி நீட்டும் தூண்டில் வளைவோ கட்டினால் அதன் வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். புதுச்சேரியில் நடந்தது அதுதான். ஆறு கொண்டுவர வேண்டிய மணலும் குறைந்துவிட்டது. உங்கள் மாவட்டத்தின் கேஆர்பி அணையிலும் அப்புறம் சாத்தனூரிலும் படிந்து கிடக்கும் வண்டலில் ஒரு பங்கு, கடலூர்க் கரைக்குப் போயிருக்க வேண்டியது. ஆற்று மணல் அள்ளுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. உயர் ஓதக் கோட்டிலிருந்து (ஓதம் ஏறி எட்டும் எல்லை) 500 மீட்டர் வரைதான் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள பகுதி, என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓதம் ஏறி இறங்கும் ஆற்றின் கரையும் கழிமுகக் கரையும் அந்த மண்டலத்தில் வரும். ஆகவே கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மனைகூட ஆற்றின் பக்கமாகச் சிக்கலாம். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டும் சுத்தமாக இருந்தாலும் இந்த விவரம் அவற்றில் வராது. சர்வே எண்ணைக் கொண்டுபோய், அங்கீகரிக்கப்பட்ட கடலோர மேலாண்மை வரைபடத்தில் மனை எங்கே விழுகிறது என்று கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். லேஅவுட் அங்கீகாரம் இருக்கிறது என்ற வாய்ப்பேச்சு போதாது.

இவ்வளவும் தேறினால் கட்டலாம், ஆனால் ஊத்தங்கரையில் கட்டுவது போல இல்லை. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டை உடைக்கும். இந்தியத் தரம் ஐஎஸ் 456 கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட் கலவையும் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் உறையும் கேட்கிறது. கொத்தனார் எம்20, ஓர் அங்குலம் என்று பழக்கத்தில் முடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். கலவைக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வீட்டின் தள மட்டம் 2024 வெள்ளக் கறைக்கு இரண்டு அடி மேலே இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் எடுங்கள், புயலுக்கும் வெள்ளத்துக்கும் வீட்டுப் பாலிசி பொறுப்பேற்கும். கடல் அல்லது ஆறு கரையை அரித்து நிலம் போவதற்குப் பொறுப்பேற்காது.

எனக்கு விட்டால், இதே பணத்துக்குச் சின்ன மனையாக இருந்தாலும் கேப்பர் மலைப் பக்கம் மேட்டில் பார்க்கச் சொல்வேன். கடலும் ஆறும் அங்கே எட்டாது. மகள் வீடு கொஞ்சம் உள்ளே தள்ளிப் போகும், மருமகனுக்கு வேலைக்குப் போய்வர நேரம் பிடிக்கும். அதை அவரிடமே கேளுங்கள். இல்லை, முகத்துவாரத்து மனைதான் என்று அவர் நின்றால், இப்போது அட்வான்ஸ் கொடுக்காமல் கார்த்திகை வரை தள்ளிப்போடுங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, மழை பெய்த மறுநாள், ஓதம் ஏறும் நேரத்தில் அவரோடு போய் மனையில் நின்று பாருங்கள். தோப்பை விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.